ஆபிஸ் மெஷின் வேலை என்றால் என்ன வேலை?

(தோட்ட இளைஞர் மன்றக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைக் காம்பராவிலே இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிற அம்மாமாரும் இருக்கிறீங்க. அடுப்பு இன்னும் பற்ற வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

போன மாதம் நமது லயத்து அண்ணன் ஒருவர் பத்திரிகைத் துண்டொன்றைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். "அலுவலக இயந்திர இயக்குநர் தேவை, க.பொ.த. சாதாரண தரம் சித்தி, தமிழ் சிங்களம் தெரிந்திருத்தல் விரும்பத்தக்கது" என்று போட்டிருந்தது. "என்ன மெஷினுங்க ஐயா? நம்ம ஸ்டோர்ல ஓடுற ரோலர் மாதிரியா? பொம்பளப் புள்ளய அனுப்பலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மெஷின் என்றால் நமக்கு ஸ்டோர் ஞாபகம்தானே வரும். அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

வயதானவர்களுக்கு ரோனியோ மெஷின் ஞாபகம் இருக்கும். பிரட்டுக் களத்துப் பலகையிலே ஒட்டுகிற அறிவித்தல், தொழிற்சங்கக் கூட்டத் துண்டுப்பிரசுரம், பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சை வினாத்தாள் எல்லாம் அதிலேதான் அடித்தார்கள். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சு மெஷினிலே ரிப்பன் இல்லாமல் அடிப்பார்கள். எழுத்து விழுந்த இடத்திலே மெழுகு விலகிவிடும். அந்தத் தாளை உருளையிலே சுற்றி, உள்ளே மை ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினால், எழுத்து இருக்கிற இடத்தால் மை கசிந்து பேப்பரிலே பதியும். ஒரு எழுத்துப் பிழைத்தால் நகப்பூச்சு மாதிரி ஒரு திரவத்தைத் தடவி, காயவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். அந்தக் காலத்து மெஷின் காரரை முழங்கை வரைக்கும் இருக்கிற மையை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

இப்போது அந்த இடத்தை போட்டோக்கொப்பி மெஷின் பிடித்துக்கொண்டது. இதைக் கண்டுபிடித்தவர் செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர். சுகமில்லாத ஒரு முடிதிருத்துவோரின் மகன். சின்ன வயதிலேயே உழைத்துக் குடும்பத்தைப் பார்த்தவர். கம்பனி ஒன்றிலே பத்திரங்களைக் கையாலே பார்த்துப் பார்த்து எழுதுகிற வேலையில் இருந்தார். கை வலி பொறுக்க முடியாமல்தான் இதற்கு ஒரு வழி தேடினார். 1938ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி முதல் பிரதியை எடுத்தார். அது ஆபிஸ் மேசைக்கு வந்து சேர 1959 ஆகிவிட்டது. இருபத்தொரு வருஷம்! நம்ம பிள்ளைகள் ஒரு தடவை பரீட்சை பிழைத்தால் சட்டென்று கொழும்புக் கடைக்குப் பெட்டி கட்டுகிறார்கள். சரி, அது வேறு கதை.

இந்த மெஷினுக்குள்ளே மை கிடையாது. இருப்பது டோனர் என்ற கறுப்புத் தூள். உள்ளே ஒரு உருளைக்கு மின்சாரம் ஏற்றி, உங்கள் பத்திரத்தின் மேல் வெளிச்சம் பாய்ச்சும்போது, வெள்ளையான இடத்திலே மின்சாரம் போய்விடும். எழுத்துள்ள இடத்திலே நிற்கும். அந்த இடத்திலே தூள் ஒட்டும். அதைப் பேப்பருக்கு மாற்றி, 180, 200 பாகை சூட்டிலே உருக்கி அழுத்திவிடுகிறது. கொப்பி எடுத்ததும் பேப்பர் சுடச்சுட வருகிறதே, அது இதனாலேதான். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலையைப் புரிந்துகொண்ட மாதிரி. பேப்பர் சிக்கிக்கொண்டால் கண்ட இடத்தில் கையை விடக்கூடாது, சுட்டுவிடும். முதலிலே ஓஃப் செய்து ஆறவிட வேண்டும். தூள் கொட்டினால் வாயால் ஊதக் கூடாது, மூச்சோடு உள்ளே போகும். உடுப்பிலே பட்டால் காய்ந்த துணியாலே தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரிலே அலச வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் தூள் உருகி, அந்த உடுப்பை விட்டுப் போகவே போகாது.

இனி வேலைக்கு வருவோம். காலையிலே முதல் ஆளாகப் போய் மெஷினை ஓன் செய்து சூடாக விட வேண்டும். கண்ணாடியைத் துடைக்க வேண்டும். அதிலே ஒரு சின்னப் புள்ளி இருந்தாலும் அன்றைக்கு எடுக்கிற ஒவ்வொரு கொப்பியிலும் அந்தப் புள்ளி விழும். பிறப்புச் சான்றிதழிலே எண்ணுக்குப் பக்கத்தில் விழுந்தால் 3 எட்டாகத் தெரியலாம். பத்திரத்திலே குத்தியிருக்கும் பின்னைக் கழற்றிவிட்டுத்தான் கண்ணாடியில் வைக்க வேண்டும். எத்தனை கொப்பி, யாருக்கு, எந்தக் கோவைக்கு என்று ஒரு புத்தகத்திலே பதிவு வைக்க வேண்டும். பேப்பரும் டோனரும் முடிவதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். முடிந்த பிறகு போய்ச் சொன்னால் பெரிய கிளாக்கர் முகத்தைப் பார்க்க முடியாது. இதோடு ஸ்கேன் பண்ணி ஈமெயில் அனுப்புவது, லெமினேட் பண்ணுவது, புத்தகமாகக் கட்டுவது, வேண்டாத பத்திரங்களைக் கிழிக்கிற மெஷினிலே போடுவது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது, கம்ப்யூட்டரிலே தட்டச்சு செய்வது எல்லாம் இப்போது ஒரே ஆளின் தலையிலேதான் விழுகிறது. முன்னைப்போல ஒரு மெஷினுக்கு ஒரு ஆள் என்ற காலம் போய்விட்டது.

ஃபேனுக்குக் கீழே கதிரையில் உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைக்கிற பெற்றோர் இருக்கிறீர்கள். அது முழுக்க உண்மையில்லை. நாளில் பாதி நேரம் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். பரீட்சை விண்ணப்பக் காலத்திலே டவுன் கடைகளில் போய்ப் பாருங்கள், அந்தப் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை மூன்று மணிக்குத்தான் பிரிப்பார்கள்.

மலைநாட்டிலே இந்த வேலைக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. மெஷின் புத்தகத்தில் அதைப் பெரிதாகச் சொல்லமாட்டார்கள். அதுதான் ஈரம். மிஸ்ட் இறங்கினால் பேப்பர் ஈரத்தைக் குடித்துவிடும். ஈரப் பேப்பர் வளையும், ரெண்டு மூன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போகும், சிக்கும். "மெஷின் பழுது" என்று ஆளைக் கூப்பிடுவார்கள். மெஷினிலே ஒரு குறையும் இருக்காது, பேப்பர்தான் குற்றவாளி. 500 தாள் உள்ள கட்டைப் பிரித்தால் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, மிச்சத்தைப் பழையபடி சுற்றி, அலுமாரியிலே வைக்க வேண்டும். சீமெந்துத் தரையிலே வைக்கவே கூடாது. போடுவதற்கு முன்னால் தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விசிறிவிட வேண்டும். நம்ம ஆட்களுக்கு இது புதிதில்லை. தேயிலைத் தூள் ஈரம் குடித்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

இன்னொன்று இடி மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். தொலைபேசி வயர் போகிற மெஷின் என்றால் அந்த வயரையும் கழற்ற வேண்டும்.

இனி நான் சொல்லப் போகிற விஷயத்துக்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அதுதான் பெயர் விஷயம்.

நம்ம பெயர் எத்தனை இடத்தில், எத்தனை மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பிறப்புப் பதிவு ஒரு மொழியில். செக்ரோல் இங்கிலீஷில். பழைய அடையாள அட்டை சிங்களத்தில். பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு தமிழில். லெட்சுமி என்று ஒரு பெயர். ஒருவர் லட்சுமி என்று எழுதுவார், ஒருவர் லக்ஷ்மி என்பார், ஒருவர் லச்சுமி. வீட்டிலே கூப்பிடும்போது எல்லாம் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு அது நாலு ஆள். முத்துசாமிக்கு இங்கிலீஷிலே ஒரு "எச்" போடுவதா விடுவதா, கடைசியிலே "ஐ"யா "வை"யா என்று எழுதுகிறவர் இஷ்டத்துக்கு விட்டால், அவருக்கு வாழ்நாள் முழுக்கத் தொல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, வேறு ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போனபோது, அடையாள அட்டையிலே காளியம்மாள், செக்ரோலிலே காளியம்மா, இன்னொரு பத்திரத்தில் காலியம்மா. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். தோட்டத்திலே ஒரு கடிதம், கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம், சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி என்று அலைந்தார். டவுனுக்குப் போன ஒவ்வொரு நாளும் பஸ் காசு, துணைக்கு வந்த மகளுக்கு ஒரு பேர் நட்டம். அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் நூற்றுக்கு 8 கழித்தார்கள், நிர்வாகம் நூற்றுக்கு 12 போட்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அவர் காசு. ஒரு "ள்" எழுத்துக்காக அந்தக் காசு அத்தனை நாள் நின்றது. அந்த எழுத்தை விட்ட ஆளுக்கு அந்த அம்மாவைத் தெரியவே தெரியாது. யாரோ ஒரு மேசையிலே, அவசரமாக, தட்டிவிட்டுப் போனதுதான்.

மெஷினிலே அமரப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பெயரைக் காதாலே கேட்டு அடிக்காதீர்கள். அடையாள அட்டையை வாங்கி வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து அடியுங்கள். இலக்கத்தையும் அப்படியே. 2016இலிருந்து வந்த புதிய இலக்கத்தில் 12 இலக்கங்கள், அதற்கு முந்தியதில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும். அடித்து முடித்ததும் வந்தவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் இன்னும் கட்டாயமாக வாசித்துக் காட்ட வேண்டும். இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

வீட்டிலே இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். இன்றைக்கு ராத்திரி ட்ரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாப் பத்திரத்தையும் வெளியே எடுங்கள். பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று படித்த பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும்தான் அந்தப் பணத்தைக் கேட்கப் போகிறோம். அந்த வயது வந்தபிறகு ஓடுவதை விட, உடம்பிலே தெம்பு இருக்கும்போதே திருத்துவது லேசு.

செக்ரோலும் இப்போது பல தோட்டங்களில் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. கணக்கப்பிள்ளை ஐயா மலையிலே எழுதிய கிலோவை ஆபிஸிலே ஒருவர் தட்டுகிறார். 17 என்பதை 11 என்று தட்டினால் என்ன நடக்கும்? நோம் எடுத்தவளுக்கு அரைப் பேர் விழும். தட்டுகிறவருக்கு அது ஒரு விரல் பிசகு. அந்த வீட்டுக்கு அது அரிசி மா வாங்குகிற காசு. ஆகவே தட்டி முடித்ததும் கூட்டுத்தொகையை மலைக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதும் இந்த வேலையிலே ஒரு பங்குதான். யாரும் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றில்லை. நீங்களும் ஒரு சின்னக் கொப்பியிலே தினமும் உங்கள் கிலோவை எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டு வந்ததும் ரெண்டையும் பக்கத்திலே வைத்துப் பாருங்கள்.

இந்த வேலையிலே "முடியாது" என்று சொல்ல வேண்டிய நேரங்களும் வரும். தெரிந்தவர் ஒருவர் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவருவார். "தம்பி, பிள்ளைய வெளிநாட்டுக்கு அனுப்பணும், வருஷத்த மட்டும் கொஞ்சம் வெள்ள மை போட்டு மாத்திக் கொப்பி எடுத்துக் குடு" என்பார். நம்ம மாமாதான், சித்தப்பாதான். செய்யக் கூடாது. அது கள்ளப் பத்திரம். பிடிபட்டால் கொடுத்தவரும் போவார், எடுத்தவரும் போவார். பிடிபடாவிட்டால் அதைவிட மோசம். வயது காணாத பிள்ளை ஒன்று, யாரும் தெரியாத நாட்டிலே, யாரோ ஒரு வீட்டுச் சமையலறையிலே நிற்கும். அதுபோல நாணயத்தாளைக் கொப்பி எடுப்பதும் குற்றம், விளையாட்டுக்குக்கூட எடுக்கக் கூடாது. "உண்மைப் பிரதி" என்று சீல் குத்துவதும் மெஷின்காரர் வேலையில்லை. அதற்கு அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும்.

மற்றவர் பத்திரம் நம் கையிலே வரும்போது அதிலே இருக்கிறதை வாசித்துவிட்டு லயத்திலே போய்ப் பேசக் கூடாது. யாருக்கு வைத்தியசாலைக் கடிதம் வந்தது, யார் மேலே விசாரணை, யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்றெல்லாம் தெரியவரும். தெரிந்தது தெரிந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒரிஜினலைக் கண்ணாடியிலேயே மறந்து விட்டுப் போகிறவர்கள் நிறைய. ஒவ்வொரு தடவையும் மூடியைத் தூக்கிப் பார்த்து, கையிலே கொடுத்து அனுப்ப வேண்டும். பிழையாக வந்த அடையாள அட்டைக் கொப்பியைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள், வடை சுற்றவும் கொடுக்காதீர்கள். சிரிக்கிறீர்கள், டவுனிலே வடை வாங்கிய பேப்பரை விரித்துப் பாருங்கள் ஒரு நாளைக்கு. யாரோ ஒருவரின் முகம் சிரித்துக்கொண்டு இருக்கும். வீட்டுக்கு வீடு கடன் கொடுக்க ஆள் வருகிற காலம் இது. அடையாள அட்டைக் கொப்பி கொடுக்கும்போது, அதன் மேலே "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று பேனையாலே எழுதித் திகதியும் போட்டுக் கொடுங்கள்.

வேலைக்குப் போகிற பிள்ளைகள் உரிமை என்ன என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்கும் ஆபிசுக்கும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேலே நின்றால் ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. நியமனக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். "இப்ப ட்ரெய்னிங்தானே, நிரந்தரமானதும் சேமலாப நிதி போடுறோம்" என்று சொல்கிற முதலாளிமார் இருக்கிறார்கள். அது சரியில்லை. தற்காலிகமாக இருந்தாலும், பயிலுனராக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி உண்டு. நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி போட வேண்டிய 3 வீதமும் உண்டு. 16 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2021இலே சட்டம் வந்துவிட்டது. ஆகவே பத்தாம் வகுப்போடு நிறுத்தி அனுப்புகிற எண்ணம் யாருக்காவது இருந்தால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பொம்பளப் பிள்ளையை அனுப்பலாமா என்று அந்த அண்ணன் கேட்டாரே. அனுப்பலாம். ஆனால் முதல் நாள் நீங்களும் கூடப் போய் இடத்தைப் பாருங்கள். எத்தனை மணிக்கு விடுவார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கழிவறை இருக்கிறதா, கூட வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

பயிற்சிக்கு தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்கள் இருக்கின்றன. தேசிய தொழிற் தகைமை, என்.வீ.கியூ. என்று சொல்கிறோமே, அந்தச் சான்றிதழ் கிடைக்கிற பாடநெறியா என்று முதலிலே கேளுங்கள். மூன்று மாதத்தில் "டிப்ளோமா" என்று பள பளவென்று அச்சடித்துத் தருகிற இடங்கள் எல்லா டவுனிலும் இருக்கின்றன. காசு கட்டுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.

பாடநெறியிலே போட்டோக்கொப்பி எடுக்க ரெண்டு நாளிலே பழகலாம். தட்டச்சுக்குத்தான் நாளாகும். தமிழிலே பாமினி எழுத்து மட்டும் பழகினால் போதாது. அதிலே அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் அங்கே இங்கிலீஷ் எழுத்தாகக் குப்பை மாதிரி தெரியும். யூனிகோடிலும் அடிக்கப் பழகுங்கள். சிங்களத்தை எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பேச நமக்கு நன்றாக வரும், எழுத்திலேதான் தயங்குகிறோம். மூன்று மொழியிலும் ஒரு பெயரைப் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்த பிள்ளை இந்த டவுன்களிலே எத்தனை பேர்? நாளைக்குக் கொப்பி எடுக்கிற வேலையைக் கைத்தொலைபேசியே செய்துவிடும், இப்போதே பாதி செய்கிறது. ஆனால் காளியம்மாளை மூன்று மொழியிலும் காளியம்மாளாகவே எழுதுகிற ஆளுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

வருகிற சனிக்கிழமை, சம்பள நாள் இல்லை, ஆகவே பின்னேரம் மூன்று மணிக்கு இதே மண்டபத்திலே இருப்பேன். விண்ணப்பம் நிரப்ப விரும்புகிறவர்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் மூன்றையும் கொண்டு வாருங்கள். ஒரிஜினலைக் கொண்டு வாருங்கள், கொப்பி வேண்டாம். பெயர்ப் பிழை உள்ள பெரியவர்களும் வரலாம், யாரிடம் என்ன கடிதம் வாங்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன். பிளாஸ்டிக் பையிலே போட்டுக் கொண்டு வாருங்கள், மழை வரும் போல இருக்கிறது.